பச்சை வீட்டுக்கு வழி

நூலகர் ரவுண்டானாவை நான்காவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த செடிக்குத் தண்ணி ஊத்துற ஆள் நம்மளைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பிச்சுட்டாருங்க," என்றாள் மனைவி.

"ஆட்டட்டும். இப்ப நிறுத்தக் கூடாது. நிறுத்தினா இதுக்குத் திசை மறந்துடும்."

'இது' என்று அவர் சொன்னது, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மகளின் இரண்டு ஹேர்கிளிப்பாலும் ஒரு ரப்பர் பேண்டாலும் கட்டி நிறுத்தியிருந்த போனை. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த போன். மூன்று வாரத்துக்கு முன்பு வாங்கியது. "இதுல எல்லாம் இருக்கு சார்" என்றுதான் கடைக்காரர் சொன்னார். பொய்யில்லை, எல்லாம் இருந்தது. திசைகாட்டி மட்டும் இல்லை. கார் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்கு ஒரு மாதிரி புரியும். நின்றால் போச்சு. திரையில் அம்புக்குறி நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வானத்தைக் காட்டும்.

அதனால்தான் ரவுண்டானா. அம்புக்குறி ஒரு முடிவுக்கு வரும் வரை சுற்றுவது என்று நூலகர் தீர்மானித்திருந்தார்.

பின்னால் லாரியும் சுற்றியது. பீரோ, கட்டில், சோபா, அறுபத்திரண்டு அட்டைப்பெட்டி என்று குடித்தனம் மொத்தமும் அதில்தான் இருந்தது. லாரிக்காரர் பெரிய மீசையும் சின்னப் பேச்சும் கொண்ட மனிதர். "நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடியே வந்துடுங்க" என்று காலையில் நூலகர் சொன்னதற்கு, "சரிங்க சார்" என்றவர், அதன்படி ஒவ்வொரு சுற்றையும் கூடவே சுற்றினார். ஒரு ஹாரன் கூட அடிக்கவில்லை. அதுதான் நூலகரை ரொம்பச் சங்கடப்படுத்தியது.

"மணி பத்தே கால்," என்றாள் மனைவி.

அவள் கணக்கு டீச்சர். மணியைச் சொன்னால் அதில் மீதி எவ்வளவு என்பதும் சேர்ந்தே ஒலிக்கும். பன்னிரண்டு மணிக்குள் புது வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கியாக வேண்டும். "வீட்டுக்கார அம்மா ஒரு மாதிரி. பன்னெண்டுன்னா பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க" என்று தரகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பழைய வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. காலை ஒன்பது மணிக்கு இவர்கள் ஒரு வாசல் வழியாக வெளியே வரும்போதே, அடுத்த குடும்பம் இன்னொரு வாசல் வழியாக அடுப்போடு உள்ளே நுழைந்துவிட்டது. இப்போதைக்கு அவர்களுக்கு இந்த உலகத்தில் வீடு என்று இருப்பது ஒரு காரும் ஒரு லாரியும்தான்.

"லாரிக்காரர்கிட்ட விலாசத்தைக் கொடுத்து முன்னாடி போகச் சொல்லியிருந்தா இந்நேரம் பால் காய்ச்சிக் குடிச்சிருக்கலாம்."

"விலாசம் பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டியில?"

"தொள்ளாயிரத்துப் பத்து. பூகோளமும் பயணமும்."

மனைவி கண்ணை மூடித் திறந்தாள்.

இது நூலகரின் ஏற்பாடு. நாற்பதாயிரம் புத்தகங்களில் எது கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிற மனிதர் அவர். வீடு மாறும்போது மட்டும் அரிசிப் பானைக்குள் செருப்பும், செருப்புப் பெட்டிக்குள் கரண்டியும் போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியுமா? நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கிற எண்ணையே எல்லாப் பெட்டிக்கும் போட்டுவிட்டார். சமையல் சாமான் 641. மருந்து 615. விலாசம் எழுதிய சீட்டு பயணம் சம்பந்தப்பட்டது என்பதால், 910ஆம் எண் பெட்டி. போனில் ஒரு தடவை விலாசத்தை அடித்துவிட்டதால் சீட்டு தேவைப்படாது என்பது அவர் கணிப்பு.

"சரி, என் போன்?" என்று கேட்டாள் மனைவி.

"முந்நூத்தி எண்பத்தி நாலு. தகவல் தொடர்பு."

அம்புக்குறி அந்த நேரம் பார்த்து ஒரு பக்கமாக நின்றது. "பார்த்தியா!" என்று நூலகர் ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரியும் ஒடித்தது. தண்ணீர் ஊற்றியவர் வருத்தமாகக் கையாட்டினார்.

அந்தச் சாலையில் நூறு அடி போவதற்குள் போன் அடித்தது. ஏதோ தெரியாத எண். போன் அடித்தால் வரைபடம் மறைந்துவிடும். திரும்ப வர நாலு நிமிடம் ஆகும். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிற சக்தி அந்தப் போனுக்கு இல்லை.

"எடுங்களேன், யாராவது முக்கியமா இருக்கப் போகுது."

"புது நம்பர் வாங்கினதிலேருந்து லோன் கொடுக்கிறேன்னு ஒரு கும்பல் உயிரை எடுக்குது. இது அதுதான்." அவர் கட் செய்தார்.

வரைபடம் வந்ததும் அடுத்த சிக்கல் தெரிந்தது. "இடப்புறம் திரும்பவும்" என்று போன் சொல்லும்போது அந்த இடப்புறம் காருக்குப் பின்னால் போயிருந்தது. வலப்புறமும் அப்படியே. நடந்து முடிந்ததைச் சொல்வதில் அது கெட்டிக்காரப் போனாக இருந்தது.

"எட்டு விநாடி லேட்டு," என்றாள் மனைவி. மூன்று திருப்பங்களை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தாள். "முப்பது கிலோமீட்டர் வேகத்துல அறுபத்தேழு மீட்டர். அடுத்த திருப்பம் என்னன்னு திரையில எழுதியிருக்கு. நான் அறுபத்தேழு மீட்டர் முன்னாடியே சொல்றேன், நீங்க திரும்புங்க."

நூலகருக்கு மனைவியை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு கிலோமீட்டர் வரை நீடித்தது.

"இப்ப! இடது!"

ஒடித்தார். பெரிய கேட் ஒன்று தானாகத் திறந்தது. இரண்டு பேர் ஓடிவந்து காரின் பின்கதவைத் திறந்தார்கள். மூன்றாவது ஆள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

"யாருக்குங்க? பாப்பாவுக்கா?"

பின் சீட்டில் மகள் மடியில் மீன்தொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. "மீனுக்கு ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு," என்றாள் மரியாதையாக.

அதற்குள் பின்னால் லாரி உள்ளே நுழைந்து நின்றது. காவலாளி லாரியை மேலும் கீழும் பார்த்தார். கட்டில், மெத்தை, தலையணை, பீரோ.

"சார், கட்டில் நாங்களே கொடுப்போம்," என்றார் நூலகரிடம். "வீட்டிலேருந்து எடுத்துட்டு வர வேண்டியதில்லை."

வெளியே வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. லாரியைப் பின்னால் எடுப்பதற்காக இரண்டு ஆம்புலன்ஸைத் தள்ளி நிறுத்தினார்கள். "மன்னிச்சுக்குங்க," என்றார் நூலகர் லாரிக்காரரிடம். "சரிங்க சார்," என்றார் லாரிக்காரர்.

மணி பதினொன்று. வெயில் முன்கண்ணாடி வழியாக நேராகப் போன் மேல் விழுந்தது. திரையில் ஒரு வெப்பமானி படம் தோன்றி, 'சாதனம் அதிகமாகச் சூடாகிவிட்டது' என்று அழுதது. சார்ஜ் ஒயரைச் செருகினால் சூடு ஏறியது. உருவினால் சார்ஜ் இறங்கியது. செருகி உருவி, செருகி உருவி மனைவிக்குக் கை வலித்தது.

"ஏசியைப் போடுங்க. அந்தக் காத்து முன்னாடி பிடிக்கிறேன்."

ஏசி போட்டார். போன் குளிர்ந்தது. காருக்கு வயது பதினாறு என்பதால், ஏசி போட்ட கையோடு அதற்கு மூச்சு வாங்கியது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் அவர்களை முந்திப்போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "முடியுமா?" என்று வேறு கேட்டார்.

மறுபடி அதே எண்ணிலிருந்து போன். மறுபடி கட். மறுபடி நாலு நிமிடம்.

"அப்பா, என்கிட்ட கொடுப்பா," என்றாள் மகள். "தொட்டி ஜில்லுனு இருக்கு. நான் அதுமேல ஒட்டிப் பிடிச்சுக்கிறேன்."

குழந்தையாக இருந்தாலும் யோசனை நல்ல யோசனை. ஏசியை அணைத்தார்கள். கார் மேம்பாலத்தைத் தாண்டியது. மகள் போனைக் கண்ணாடித் தொட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது சொல்வதையெல்லாம் உரக்க ஒப்பித்தாள். நடுவில் கை தவறி கேமராவை அழுத்திவிட்டாள்.

"அப்பா! உன் போன்ல நம்ம தங்கமீன் பச்சையா தெரியுதுப்பா!"

"அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். வரைபடத்தைக் கொண்டா."

"வீடு எப்படி இருக்கும்னாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. வீட்டை அவள் பார்த்ததில்லை. உண்மையில் இவரும் பார்த்ததில்லை. தரகர் அனுப்பிய இரண்டு படத்தை இதே போனில் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்லியிருந்தார்.

"பச்சை வீடு. நல்ல கிளிப்பச்சை. முன்னாடி ஒரு வேப்ப மரம். பச்சை வீடு கண்ணுல பட்டா சொல்லுங்க, ரெண்டு பேரும்."

மூவரும் பச்சை வீடு தேடினார்கள். வெள்ளை வீடு வந்தது, நீல வீடு வந்தது, காவி அடித்த ஒரு தபால் நிலையம் வந்தது. பச்சையாக வந்தது ஒரு பொதுக் கழிப்பறை மட்டும். மணி பதினொன்று இருபத்தைந்து.

மூன்றாவது முறை போன் அடித்தது. மகள் எடுத்தே விட்டாள். எடுத்ததோடு ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டாள்.

அந்தப் போனில் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் வண்டு பறக்கிற மாதிரிதான் கேட்கும். "கொர்ர்ர்... சார்... கொர்ர்ர்... வீடு விஷயமா..."

வீட்டுக் கடன்! நூலகருக்குத் தலைக்கு ஏறியது. நூலகத்தில் இருபது வருடமாகக் குரல் உயர்த்தாத மனிதர். அந்த இருபது வருடத்துக்கும் சேர்த்துக் கத்தினார்.

"எனக்கு வீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! இன்னொரு தடவை போன் பண்ணினீங்கன்னா போலீஸுக்குப் போவேன்!"

கத்துகிற வேகத்தில் முன்னால் ஒரு ஆட்டோ நின்றதைக் கவனிக்கவில்லை. பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, லாரியும் நின்றது. மகளின் கையில் இருந்த போன் மட்டும் நிற்கவில்லை. 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

மூவரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். தொட்டியின் அடியில், முதல் தடவையாக நாலு நிமிடம் காக்க வைக்காமல், வரைபடம் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. தங்கமீன் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து, குமிழியும் குரலுமாக வந்தது:

"இடப்... புறம்... திரும்ப... வும்."

"செத்துக்கிட்டே சொல்லுதுப்பா," என்றாள் மகள், அழுகிற குரலில்.

நூலகர் இடப்புறம் திரும்பினார். வேறு என்ன செய்ய? கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை. குறுகலான ஒரு பின்சந்து. ஐம்பது அடி போனதும் திரை அணைந்தது.

அவர் வண்டியை நிறுத்தினார். இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர்கள், குப்பைத் தொட்டிகள், சின்னச் சின்னப் பின்கேட்டுகள். மணி பதினொன்று நாற்பது.

"விலாசம்," என்றாள் மனைவி. "இறக்குங்க பெட்டியை."

லாரிக்காரரிடம் 910ஆம் பெட்டி கேட்டார்கள். அவர் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "அது அடியோட அடியில இருக்குங்க சார். நீங்கதானே பெரிய நம்பரை முதல்ல ஏத்தச் சொன்னீங்க?"

ஆமாம். இறக்கும்போது ஒன்றிலிருந்து வரிசை கெடாமல் வர வேண்டும் என்று அவர்தான் சொன்னார். மனைவி அவரையே பார்த்தாள். அவள் சொல்லாததைக் கேட்டுக்கொண்டே நூலகர் சட்டைக் கையை மடித்தார்.

சோபா இறங்கியது. மேசை இறங்கியது. அலமாரி, மின்விசிறி, ஏணி, பெட்டி மேல் பெட்டி. 384 வந்தது. மனைவியின் போன் கிடைத்தது, சார்ஜ் இல்லாமல். "கார்ல இருக்கிற ஒயர் இதுக்குச் சேராது. இதோட சார்ஜர்?" என்றாள். "அது அறுநூத்தி இருபத்தொண்ணு. மின்சாரம்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாமானை வரிசையாக, எண் போட்டு, அழகாக அடுக்கி வைத்தால் பார்ப்பவர்கள் என்னவென்று நினைப்பார்கள்?

"ஏணி என்ன விலை?" என்றார் ஒருவர்.

"விக்கிறதுக்கு இல்லைங்க."

"ஏன் சார், நம்பரெல்லாம் ஒட்டியிருக்கு? இந்தப் பெட்டியை அறுநூத்தி நாப்பத்தொரு ரூபாய்க்குத் தர்றீங்களா?"

"அது சமையலுங்க!"

ஒரு அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். இன்னொருவர் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார். அந்தக் கலவரத்தில், பக்கத்தில் இருந்த மஞ்சள் வீட்டின் பின்கேட் திறந்து, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா வெளியே வந்தார். வந்தவர் சந்தின் நடுவில் கிடந்த சோபாவைப் பார்த்தார். கையால் அமுக்கிப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"நல்ல சோபா தம்பி. முட்டிவலிக்காரங்களுக்கு ஏத்த உயரம்."

"அம்மா, அது..."

"விக்கிறதுக்கு இல்லை. தெரியுது. சும்மா உட்கார்ந்திருக்கேன், நீ உன் வேலையைப் பாரு."

நூலகருக்கு வாதாட நேரமில்லை. 700 வரை வந்துவிட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது. எங்கோ ஒரு பள்ளிக்கூட மணி அடித்தது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே போட்டாள்.

"பன்னெண்டு," என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. 740ஆம் எண் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்தார். இருபது வருடத்தில் ஒரு புத்தகத்தைக் கூடத் தொலைக்காத மனிதர், ஒரே காலையில் ஒரு வீட்டையே தொலைத்துவிட்டார். ராத்திரிக்குக் குழந்தையை எங்கே படுக்க வைப்பது? "என்னை மன்னிச்சுடும்மா," என்றார்.

சோபாவில் இருந்த பெரியம்மாவும் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, குடும்பத்தோட நடுத்தெருவுல நிக்கிறீங்க? வீடு இல்லையா?"

"காலையில வரைக்கும் ரெண்டு வீடு இருந்துச்சும்மா. இப்ப ஒண்ணும் இல்லை."

பெரியம்மா பெட்டிகளைப் பார்த்தார். திறந்திருந்த ஒன்றில் அடுக்கு அடுக்காகப் புத்தகம். "புத்தக வியாபாரமா?"

நூலகர் வாயைத் திறந்தார். எண் போட்ட கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து மனைவி அவர் காலை மிதித்தாள். "புத்தகம்தாம்மா எல்லாம்," என்றாள் அவள்.

"நல்ல தொழில். அமைதியான தொழில்." பெரியம்மா மகளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். மறுபடி சோபாவை ஒரு முறை பார்த்தார். "என் வீட்டுல கீழ்ப் பகுதி காலியா இருக்கு. ரெண்டு படுக்கையறை. நேத்துதான் சுத்தம் பண்ணி வச்சேன். நீங்க வர்றதா இருந்தா வாங்க. மத்ததெல்லாம் அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாம். நான் அப்பப்ப வந்து அந்த சோபாவுல உட்காருவேன், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் நூலகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடின. ஏணி கேட்டவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தலை சீவியவர் கண்ணாடியைத் தூக்கினார். "வரிசையா, வரிசையா," என்று நூலகர் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமையல் பெட்டி படுக்கையறைக்கும் தத்துவப் பெட்டி குளியலறைக்கும் போனது. மகள் வீடு முழுவதும் ஓடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த வீட்டு ஜன்னல்ல உட்காரலாம்!" என்று கத்தினாள்.

மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"உங்க போனைத் திட்டினேன் பாருங்க. அந்தப் பச்சை வீட்டுக்குப் போயிருந்தா இவ்வளவு நல்ல அம்மா கிடைச்சிருப்பாங்களா? பன்னெண்டுன்னா பன்னெண்டுன்னு நிக்கிற அந்த மனுஷிகிட்ட மாட்டியிருந்தா தினம் நரகம்தான்."

நூலகருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றால் அடக்க முடியாத சிரிப்பு. தொலைந்து போனதால் ஒரு வீடு கிடைக்கும் என்றால் தினமும் தொலையலாம் போல இருந்தது. லாரியில் மிச்சமிருந்த கடைசிப் பெட்டியை அவரே போய்த் தூக்கிவந்தார். 910. இனி அதைத் திறக்க வேண்டிய அவசியம் கூட இல்லை.

"அவ்வளவுதானே சார்?" என்றார் லாரிக்காரர்.

"அவ்வளவுதாங்க. ரொம்ப நன்றி. ரொம்பச் சுத்த விட்டுட்டேன்."

"சரிங்க சார்."

பெட்டியை இரண்டு கையிலும் அணைத்தபடி அவர் ஹாலைக் கடந்து முன்வாசலுக்கு வந்தார். அந்தப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை. வாசலில், தங்கமீன் நிறச் சுவருக்கு முன்னால், ஒரு வேப்ப மரம் நின்றது. அதன் நிழலில் பெரியம்மா சாவிக்கொத்தோடு காத்திருந்தார்.

"இந்தா தம்பி சாவி. ஆனா எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணணும். இந்த வீட்டுக்குன்னு பேசி வச்சிருந்த ஆள் ஏதோ நூலகராம். காலையிலேருந்து மூணு தடவை போன் பண்ணினேன், ரெண்டு தடவை கட் பண்ணிட்டு மூணாவது தடவை 'வீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், போலீஸுக்குப் போவேன்'னு கத்துறான். அப்பவும் சொன்ன சொல்லுக்காகப் பன்னெண்டு வரைக்கும் பொறுத்தேன். இனிமே அந்த ஆள் இந்த வாசல்ல வந்து நின்னா, நீயே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடு!"